மாதேஸ்வரி மைசூருக்கு மனுப் போட்ட கதை

மாதேஸ்வரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது பேசினால் என்ன சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் போய் நின்றுகொள்வாள். பக்கத்து வீட்டு மாரம்மா தன் கறவை மாடு செத்துப்போனதைச் சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில், “யக்கா, இப்பக் கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அத மறுபடி ஒருக்கா சொல்லுங்க” என்று கேட்டவள் இவள். மாரம்மா கையில் அப்போது விளக்குமாறு இல்லாமல் போனது இவள் செய்த புண்ணியம்.

“எழவு வீட்ல கொண்டுபோயி நிறுத்தினாலும் இவ வாயத்தான் பாத்துக்கினு நிப்பா” என்று பெற்ற தாய் நஞ்சம்மாவே சான்றிதழ் கொடுத்திருக்கிறாள்.

இந்தப் பழக்கம் வந்ததற்கு வீடும் ஒரு காரணம். குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அப்பா வெங்கடப்பனுக்குத் தெலுங்கு, அம்மா நஞ்சம்மாவுக்குக் கன்னடம். அவர் அதில் கேட்பார், அவள் இதில் பதில் சொல்வாள், மகள் இரண்டிலும் திட்டு வாங்குவாள். சண்டை முற்றினால் மட்டும் இருவரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். ஒருவருக்குச் சாதகமான இடத்தில் பஞ்சாயத்து நடக்கக் கூடாது, பாருங்கள். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் இப்படித்தான். இவளைத் தவிர யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

கிருஷ்ணகிரியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்தவள், ‘வேற நல்ல வேலை கெடைக்கற வரைக்கும்’ என்று சொல்லிக்கொண்டு போச்சம்பள்ளியில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். அந்த நல்ல வேலை எங்கேயோ பஸ் மாறி ஏறிவிட்டது போலிருக்கிறது, ஆறு வருஷமாகியும் வந்து சேரவில்லை. தரம் பார்க்கும் பிரிவில், லைன் முடிகிற இடத்தில் நின்று, வருகிற ஷூவையெல்லாம் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும். பசை வழிந்திருந்தால் ஒதுக்கு, தையல் கோணியிருந்தால் ஒதுக்கு, மற்றதை விடு. வேலையைக் குறை சொல்ல முடியாது. சாப்பாடு உண்டு, பஸ் உண்டு, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ்கூட உண்டு.

கல்லூரியில் பாடம் நடத்திய ரேவதி மேடத்தோடு அவ்வப்போது போனில் பேசுவாள். ஒரு நாள் அப்படிப் பேசும்போது, கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்துப் பெண்கள் கேள்வி கேட்டால் குரல் எங்கே ஏறுகிறது, சேலத்துப் பெண்கள் கேட்டால் எங்கே ஏறுகிறது என்று இவள் மூச்சுவிடாமல் விவரித்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்ட மேடம், “இதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு, தெரியுமா? மொழியியல்னு பேரு. மைசூர்ல ஒரு பல்கலைக்கழகத்துல எம்.ஏ. இருக்கு” என்றார். தனக்கு இருப்பது வியாதி என்று நினைத்திருந்தவளுக்கு, அதற்குத் தனியாக ஒரு வார்டே இருக்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அன்றைக்கு ராத்திரி மாதேஸ்வரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் சரி, விண்ணப்பம்? முதல் வருஷம் கடைசித் தேதி முடிந்த பிறகுதான் தேதியையே பார்த்தாள். இரண்டாம் வருஷம் எழுதினாள், அடித்தாள், எழுதினாள், அடித்தாள், அதற்குள் தேதி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டது. இது மூன்றாவது வருஷம். இந்தத் தடவை கழுத்துக்கு மேல் ஒரு கத்தியும் தொங்கியது. தரப் பிரிவு மேனேஜர் அண்ணாதுரை அவளைச் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார். சென்னையில் பயிற்சி, சம்பளமும் கூடும். ஒரே ஒரு நிபந்தனை: மூன்று வருஷம் வேறெங்கும் போக மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொன்னார். கையெழுத்துப் போட்டால் மைசூர் போச்சு. போடாமல், மைசூரிலும் இடம் கிடைக்காமல் போனால், அம்மா தான் பார்த்து வைத்திருக்கிற பர்கூர் மாப்பிள்ளை பேச்சை எடுப்பாள். அந்தப் பேச்சு எந்த மொழியில் வந்தாலும் மாதேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை.

மைசூர்க்காரர்கள் கேட்டவை அதிகமில்லை. ஏன் படிக்க வருகிறாய் என்று ஒரு அறிக்கை. உன்னைத் தெரிந்த இரண்டு பேரிடமிருந்து கடிதம். உன்னைச் சுற்றிப் புழங்குகிற பேச்சைப் பதிவு செய்து, கேட்டு, அதைப் பற்றி ஒரு கட்டுரை. ஒரு கடிதத்துக்கு ரேவதி மேடம் இருக்கிறார். ‘ஏன்’ என்பதைத்தான் எளிது என்று நினைத்து மாதேஸ்வரி முதலில் கையில் எடுத்தாள்.

ஏனென்றால் ‘ஏன்’ எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. ஷூவில் ஒரு பழுது வந்தால் அங்கே அறிக்கை எழுத ஒரு முறை இருக்கிறது. பிரச்சினை என்ன என்று முதலில் எழுத வேண்டும். பிறகு ‘ஏன்?’ என்று கேட்டு அதற்குப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கும் ஒரு ‘ஏன்?’ போட வேண்டும். இப்படி ஐந்து ஏன் கேட்டால் மூல காரணம் பிடிபட்டுவிடும் என்பது கணக்கு. கடைசியில், திருத்த நடவடிக்கை என்ன, மறுபடி வராமல் தடுப்பது எப்படி என்று எழுதி முடிக்க வேண்டும். ஆறு வருஷம் எழுதிய கை சும்மா இருக்குமா?

பிரச்சினை: விண்ணப்பதாரருக்கு மொழியியல் படிக்கும் ஆசை ஏற்பட்டுள்ளது. ஏன்? மற்றவர் பேச்சையே கவனிப்பதால். ஏன் கவனிக்கிறார்? வீட்டில் மூன்று மொழி புழங்குவதால். ஏன் புழங்குகிறது? பெற்றோரின் திருமணத்தால். ஏன் அந்தத் திருமணம்? தாத்தாக்கள் இருவரும் சந்தையில் சிநேகமானதால். ஏன் சந்தைக்குப் போனார்கள்? உழவு மாடு வாங்க. மூல காரணம்: உழவு மாடு. திருத்த நடவடிக்கை: எம்.ஏ.வில் இடம் அளித்தல். மறுபடி வராமல் தடுக்க என்ன செய்வது என்ற இடத்தில் மட்டும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஒரு கோடு போட்டு விட்டுவிட்டாள்.

ரேவதி மேடம் படித்துவிட்டுப் போன் செய்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினார்.

“ஏம்மா மாதேஸ்வரி, நீ படிக்க ஆசப்படறதுக்குக் காரணம் ஒரு மாடா?”

“ஆமாங்க மேடம். அஞ்சாவது ஏன்ல அதான் வந்துது.”

“மாட்ட அவுத்து விடு. நீ எதுக்கு வர்றேன்னு அவங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.”

மாட்டை அவிழ்த்துவிட்டு, இணையத்தில் நாலு மாதிரி அறிக்கைகளைப் படித்துவிட்டு, மறுபடி எழுதினாள். ‘சிறு வயது முதலே மொழிகளின் மீது எனக்கு இருந்த தீராத தாகம்’ என்று அது ஆரம்பித்தது. மேடம் முதல் வரியைத் தாண்டவில்லை. “இதுக்கு அந்த மாடே தேவல” என்றார்.

சரி, அது கிடக்கட்டும், கட்டுரையை முடிப்போம் என்று மாதேஸ்வரி கம்பெனி பஸ் பக்கம் திரும்பினாள். சூளகிரியிலிருந்து வந்து, குருபரப்பள்ளியில் இவளை ஏற்றிக்கொண்டு, கிருஷ்ணகிரி வழியாகப் போச்சம்பள்ளி போகிற பஸ். பஸ் நிறையப் பெண்கள், பஸ் நிறையப் பேச்சு. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று, போனில் பதிவை ஓடவிட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டாவது நாளே பஸ்ஸில் பேச்சு மாறிவிட்டது. போன வாரம்வரை கேன்டீன் சாம்பாரைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள், இவள் பக்கம் திரும்பி, மேடையில் பேசுவது போல, “நமது கேன்டீனில் சாம்பார் மிகவும் அருமையாக உள்ளது” என்றார்கள். இன்னொருத்தி, “சூப்பர்வைசர்கள் எங்களை மிகவும் அன்பாக நடத்துகிறார்கள்” என்று சேர்த்துக்கொண்டாள். வேறொன்றும் இல்லை. மாதேஸ்வரி நிர்வாகத்தின் ஆள், யார் என்ன குறை சொல்கிறார்கள் என்று பதிந்துகொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்று பஸ் முழுக்கப் பேச்சாகியிருந்தது. அவள் எழுந்து நின்று, “யக்கா, நான் படிக்கறதுக்குத்தான் பதியறேன், நீங்க பாட்டுக்கு எப்பவும் போலப் பேசுங்க” என்று சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். சாம்பார் இன்னும் அருமையாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் நிர்வாகத்துக்கு வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்திருந்தது. பஸ்ஸில் ஒரு பெண் தொழிலாளர்களின் குறைகளையெல்லாம் பதிவு செய்கிறாளாம், சங்கம் ஆரம்பிக்கப் போகிறாளாம். அண்ணாதுரை அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் கேட்டார். நல்ல மனுஷன், ஆனால் சங்கம் என்ற சொல் காதில் விழுந்தால் அவருக்கு வியர்த்துவிடும்.

“மாதேஸ்வரி, பஸ்ல அவங்க பேசறதப் பதியறியாமே?”

“ஆமாங்க சார். எப்படிப் பேசறாங்கன்னு பாக்கறேன்.”

“என்ன பேசறாங்கன்னு இல்லையே?”

“இல்லைங்க சார். அது எனக்கு எதுக்கு? எப்படிப் பேசறாங்கன்னுதான்.”

மைசூரில் எம்.ஏ. சேர இப்படி ஒரு கட்டுரை கேட்கிறார்கள் என்று அவள் விளக்கினாள். “எப்படிப் பேசறாங்கன்னு பாக்க ஒரு எம்.ஏ.வா?” என்றார் அண்ணாதுரை.

அந்த நேரத்திலேயே, மைசூர்க்காரர்கள் கேட்ட இன்னொரு கடிதத்தையும் அவரிடமே கேட்டுவிட்டாள். சங்கம் இல்லை என்ற நிம்மதியில் அவரும் சரி என்றுவிட்டார். ஆனால் கம்பெனியில் யாரைப் பற்றி எழுதினாலும் முன்னேற்றம் தேவைப்படும் இடம் என்று ஒரு பத்தி இருந்தே ஆக வேண்டும். அதில் அவர் மனசாட்சிப்படி எழுதினார்: ‘தேவைக்கு மேல் பேச்சுக் கேட்கிறார். இதனால் சில சமயம் லைன் தாமதமாகிறது.’ எழுதி மைசூருக்கு நேராக அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை இவளிடமும் காட்டினார். கையெழுத்து விஷயத்தையும் மறக்காமல் ஞாபகப்படுத்தினார். மாதேஸ்வரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் ஒரே ஒருத்திதான் போனைச் சட்டை செய்யாதவள். பக்கத்து சீட்டு செல்லி. பசை ஒட்டும் பிரிவில் வேலை, இவளைவிட ஏழெட்டு வயது மூத்தவள், வாய்த்துடுக்கு அதிகம். பதிவு செய்யட்டுமா என்று முதல் நாள் கேட்டதற்கு, “எதையாச்சும் பண்ணித் தொல” என்று சொல்லிவிட்டு மறந்தேபோனாள். பிறந்தது தளிப் பக்கம், கன்னட வீடு. வாக்கப்பட்டது தெலுங்கு வீட்டில். ஷிப்டு வேலையில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஐந்து வயது மகளைத் தளியில் தன் அம்மாவிடம் விட்டிருக்கிறாள். தினமும் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அங்கே போன் போடுவாள்.

ஒரு நாள் காலை அந்தச் சீட்டில் திருவிழாவே நடந்தது. முதலில் மாமியாரிடமிருந்து போன், தெலுங்கில் ஒரு மூச்சு சண்டை. அதை வைப்பதற்குள் லைன் லீடரிடமிருந்து போன், பல்லைக் கடித்துக்கொண்டு பணிவான தமிழ். உடனே மகளுக்கு, கன்னடத்தில் கொஞ்சல். ஒரே வாய், ஒரே கோபம், மூன்று மொழி. வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்ட மாதேஸ்வரி குதிக்காத குறை. அடுத்த சில நாள் வேறு நினைப்பே இல்லாமல் உட்கார்ந்து எழுதினாள். எந்தக் கோபம் எந்த மொழியில் போகிறது, எங்கே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது, எல்லாவற்றுக்கும் எடுத்துக்காட்டு. ரேவதி மேடம் படித்துவிட்டு, “இதுதான்மா, இதுக்கே இடம் கெடைக்கும்” என்றார். பிறகு, “பேசினவங்க இதக் கேட்டுட்டு ஒத்துக்கிட்டாங்கன்னு கையெழுத்து வேணுமே, வாங்கிட்டியா?” என்றும் கேட்டார்.

வாங்கவில்லை. அதிலென்ன, நம் செல்லியக்காதானே, ஒரு நிமிஷ வேலை என்று நினைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் திரும்புகிற பஸ்ஸில் இயர்போனைச் செல்லியிடம் கொடுத்து, “யக்கா, உன் பேச்சு மைசூர் போகப் போகுது, கேட்டுட்டுக் கையெழுத்துப் போடு” என்றாள். “பேர மாத்தித்தான் போடுவாங்க, பயப்படாத.”

“அப்படின்னா எனக்குப் பிரியதர்ஷினின்னு போடு” என்று சொல்லிக்கொண்டே செல்லி இயர்போனை மாட்டினாள்.

மாமியார் சண்டையைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “இது எங்கொரலாடி? தகர டப்பாவுல கல்லு போட்டாப்புல இருக்குது!” லைன் லீடர் பகுதியில், “பாரு, எப்படி நடிக்கறேன்” என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

செல்லி எப்போதும் போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் பேசுவாள். அதனால் குழந்தையின் குரலும் பதிவில் விழுந்திருந்தது. “அம்மா, யாவாக பர்த்தியா?” எப்போது வருவாய் என்று கேட்கிறது. “நாளே பர்த்தீனி கந்தா” என்கிறாள் செல்லி. நாளைக்கு வந்துவிடுகிறேனாம். குழந்தை மறுபடி கேட்கிறது. மறுபடியும் நாளைக்கு. தினமும் காலையில் அவள் சொல்வது அதுதான். போனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதைக் கேட்கிறவளாக அவள் ஒரு நாளும் இருந்ததில்லை, இன்றைக்குத்தான் இருந்தாள்.

இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். “இதையுமா எழுதியிருக்கற?”

மாதேஸ்வரி அதையும் எழுதியிருந்தாள். அது நான்காவது எடுத்துக்காட்டு. ‘நாளே’ என்ற சொல்லைத் தாய் இழுத்துச் சொல்லும் விதத்தைப் பற்றி அரைப் பக்கம், கோபத்திலிருந்து கொஞ்சலுக்குக் குரல் எப்படி இறங்குகிறது என்று. பதிவை அத்தனை தடவை ஓடவிட்டும், அந்தக் குழந்தை என்ன கேட்டது என்பதை அவள் கேட்கவே இல்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். “தப்புதாங்க்கா” என்று முனகினாள்.

செல்லி போனை வாங்கினாள். அந்தப் பதிவைத் தன் போனுக்கு ஒன்று அனுப்பிக்கொண்டாள். பிறகு இவள் போனிலிருந்து அதை அழித்தாள். அழித்துவிட்டு, “என் கொழந்த பேசறது மைசூருக்கு எதுக்கு?” என்றாள். அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த இரண்டு நாளும் அப்படியேதான் வந்தாள், ‘உம்’ என்ற சொல்கூட இல்லை.

மாதேஸ்வரி அன்றைக்கே கட்டுரையையும் அழித்துவிட்டாள். ரேவதி மேடம், “அந்த எடத்த மட்டும் எடுத்துட்டு மத்தத வெச்சிக்கலாமே, கேட்டுப் பாரு” என்றதற்கு, “கேக்கற மூஞ்சி எனக்கு இல்லைங்க மேடம்” என்று சொல்லிவிட்டாள். கடைசித் தேதி திங்கட்கிழமை. கையில் அறிக்கை இல்லை, கட்டுரை இல்லை. இருந்ததெல்லாம் தேவைக்கு மேல் பேச்சுக் கேட்கிறாள் என்ற ஒரு கடிதமும், ரேவதி மேடத்தின் கடிதமும்தான். அண்ணாதுரை கொடுத்த ஒப்பந்தத் தாளைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் வருஷமும் இப்படித்தான் என்று தன் தலையெழுத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், பஸ் கிருஷ்ணகிரி மேம்பாலம் ஏறும்போது, செல்லி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எழுதி முடிச்சிட்டியா?”

“இல்லக்கா. அழிச்சிட்டேன்.”

“என்னோடது போனா மத்தது இருக்குமே?”

“எல்லாமே உன்னோடதுதாங்க்கா. மத்தவங்க சாம்பாரத்தான் பேசினாங்க.”

செல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் கோபத்தை வைத்துக்கொண்டு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். “கேனச்சி” என்றாள். “ஊர் வாயெல்லாம் வேணும், உன் வாய்க்கு என்னடி கேடு? உன் ஊட்லயும் மூணு பேச்சுதானே?”

“என்னப் போயி நானே எப்படிப் பதியறது? வராதுக்கா.”

“குடு இப்படி.” போனைப் பிடுங்கி, எதை அழுத்துவது என்று கேட்டு, அழுத்தி, மைக்கைப் போல இவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். “சொல்லு. எதுக்கு உனக்கு இந்தப் படிப்பு?”

மாதேஸ்வரி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். “சிறு வயது முதலே எனக்கு மொழிகளின் மீது...”

“ஏய், கம்முனு இரு. அத அவங்க கிட்ட சொல்லிக்கோ. எனக்குச் சொல்லு.”

மாதேஸ்வரி எதிர்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, நாள் பூரா நான் பாக்கறது ஷூ அடி. ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கணும். இல்லன்னா எடுத்துக் கடாசணும். ஆறு வருசமா அதான் பண்றேன். பேச்சு அப்படி இல்லக்கா. நீ பேசறாப்புல இன்னொருத்தி பேசறதில்ல. எங்கப்பன் பேசறாப்புல எங்கம்மா பேசறதில்ல. ஆனாலும் யாரையும் எடுத்துக் கடாச வேண்டியதில்ல. எல்லாம் சரிதான். அத நெனச்சா எனக்கு நெஞ்சு நெறஞ்சாப்புல இருக்குது. இப்ப அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டேன்னா, இன்னும் மூணு வருசத்துல நான் காத மூடிக்குவேன். மூடினதுகூடத் தெரியாது. அதான் பயமா இருக்குது.”

அதோடு நிற்கவில்லை. அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து தெலுங்குக்குப் போனாள், பர்கூர் மாப்பிள்ளையைப் பற்றி அம்மா சொன்னதைக் கன்னடத்தில் சொல்லிக் காட்டினாள், நடுவில் அண்ணாதுரையின் ஆங்கிலமும் வந்து போனது. செல்லி விடாமல் கேள்வி கேட்டாள், கிண்டல் செய்தாள், பொய் சொல்கிறாய் என்று இரண்டு தடவை மடக்கினாள். இவர்கள் இரண்டு பேரும் போன் முன்னால் இப்படிப் பேசுவதைப் பார்த்த பின்சீட்டுப் பெண், “நமது சாம்பார்...” என்று ஆரம்பிக்க, “யக்கா, கொஞ்சம் சும்மா இரு!” என்று செல்லி ஒரு அதட்டுப் போட்டாள். பஸ் குருபரப்பள்ளியில் நிற்கும்வரை பேச்சு ஓயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாதேஸ்வரி தன் குரலைத் தானே கேட்டாள். நாலு தடவை கூச்சத்தில் நிறுத்தினாள். இந்தத் தடவை என்ன சொல்கிறாள் என்பதையும் கேட்டாள், எப்படிச் சொல்கிறாள் என்பதையும் கேட்டாள். கட்டுரை அதிலிருந்து வந்தது. அறிக்கையும் அதிலிருந்தே வந்தது, செல்லியிடம் சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் எழுதினாள். மாடு இல்லை, தாகம் இல்லை. மேடத்துக்கு அனுப்பியதற்கு, “அனுப்பிடு, ஒரு எழுத்த மாத்தாத” என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தாமல் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதிவில் கேள்வி கேட்கிற தன் குரலுக்குச் சம்மதம் என்று செல்லி முதலிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள், அடைப்புக்குள் பிரியதர்ஷினி என்று தானே எழுதியிருந்தாள். அறிக்கையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

“அமுக்க வேண்டியதுதானே? என்னத்துக்குப் பாத்துக்கினு உக்காந்திருக்கற?”

“டவர் இல்லக்கா.”

“அதோ மேல நாலு கோடு நிக்குது. யாருகிட்ட கத உடற?”

செல்லி குனிந்து அந்தப் போனைப் பார்த்தாள்.

“இப்ப பதிவு எதுவும் ஓடுதா?”

“இல்லக்கா.”

“காட்டு.”

காட்டினாள். ஓடவில்லை என்று செல்லி இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். அப்புறம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நீயும் போயிட்டா எனக்கு யாருடி இருக்கறா?” என்றாள்.

அவள் குரல் இழுத்ததா இறங்கியதா என்று மாதேஸ்வரி கவனிக்கவில்லை. கண் இரண்டும் நிறைந்துவிட்டது. “நான் போகலக்கா. விடு. அனுப்பல” என்று போனைப் பையில் திணிக்கப் போனாள்.

பளீரென்று கையில் ஒரு அடி விழுந்தது. செல்லிக்கும் மூக்கு சிவந்திருந்தது. “அறைஞ்சேன்னா தெரியும்! எடு அத. மொதல்ல அமுக்கு. அமுக்கிட்டு அப்புறம் அழு.”